உள்ளே இருந்து தட்டுகிறவர்

விமான இறக்கைக்குள்ளிருந்து ரெமிஜியஸ் ஒரு தட்டுத் தட்டினான். வெளியே மதலைமுத்துவின் கை நின்றுவிட்டது.

காற்றழுத்தத்தில் ஓடும் சுத்தியல் அது. துப்பாக்கி மாதிரிப் பிடியும் விசையும் வைத்தது. ஓடாமல் அவர் கையில் சும்மா கனத்தது. கொட்டகையின் தகரக் கூரைமேல் ஆடிச் சாரல் அரிசி புடைப்பதுபோல விழுந்துகொண்டிருந்தது.

"அண்ணா, ஒரு தட்டுன்னா இன்னும் அடின்னு அர்த்தம்" என்று இறக்கைக்குள்ளிருந்து குரல் வந்தது. "நானு இங்க மூச்சு வுடாம இரும்பைப் புடிச்சிக்கினு கீறேன். நீ வெளிய நின்னு ஜெபம் பண்றியா?"

"தெரியும்டா."

"தெரிஞ்சா அடி."

மதலைமுத்து மறுபடி விசையை அழுத்தினார். சுத்தியல் கடகடவென்று ஓடியது. உள்ளே மறுபடி ஒரு தட்டு. மறுபடி கை நின்றது.

வேலை என்னவோ எளிதுதான். ரிவெட் என்பது தலை வைத்த சின்ன அலுமினிய ஆணி. இரண்டு தகடுகளைச் சேர்த்துத் துளைபோட்டு, அதில் ரிவெட்டைச் செருகவேண்டும். வெளியே ஒருவர் தலைமேல் சுத்தியலை ஓட்ட, உள்ளே ஒருவர் அதன் வாலில் கனமான இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிப்பார். வால் நசுங்கிப் பூப்போல விரிந்து இரண்டு தகடுகளையும் கவ்விக்கொள்ளும். வெளியே இருப்பவருக்கு உள்ளே நடப்பது தெரியாது. கத்தினாலும் கேட்காது. அதனால் உள்ளே இருப்பவர் தட்டித்தான் சொல்லவேண்டும். வால் இன்னும் நசுங்கவேண்டும் என்றால் ஒரு தட்டு. சரியாகிவிட்டது, அடுத்ததற்குப் போ என்றால் இரண்டு தட்டு.

போர் வந்து விமானத் தொழிற்சாலை ஆள் எடுக்கத் தொடங்கியதும், தச்சர்களும் ஜட்கா ஓட்டியவர்களும் பீடி சுற்றியவர்களும் இந்தக் கொட்டகைக்கு வந்து முதல் நாளே இதைக் கற்றுக்கொண்டார்கள். மதலைமுத்துவும் கற்றுக்கொண்டார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவருடைய கைதான் கேட்கவில்லை.

அந்தக் கை கோலார் தங்கவயலில் பழகிய கை. பையனாகச் சுரங்கத்தில் இறங்கியவர், தலை நரைக்கும்வரை பூமிக்கடியில் பாறையைத் துளைத்திருக்கிறார். அங்கே சில சமயம் அழுத்தம் தாங்காமல் பாறையே வெடித்து வழியை மூடிவிடும். ஏர்பிளாஸ்ட் என்பார்கள். அப்போது ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதிவைத்ததல்ல. சரிந்த பாறைக்குப் பின்னாலிருந்து தட்டும் சத்தம் கேட்டால், அந்த இடத்தில் ஒரு சுத்தியலும் ஓடக்கூடாது. ஒருவரும் பேசக்கூடாது. உயிரோடிருப்பது யார், எந்தப் பக்கம் என்று காதைப் பாறையில் வைத்துக் கேட்கவேண்டும்.

கடைசியாக வந்த ஏர்பிளாஸ்டுக்குப் பிறகு சுரங்கத்தின் அந்த மட்டத்தையே மூடிவிட்டார்கள். நாற்பது தாண்டியவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். மதலைமுத்து மனைவி பிரிஜெட்டை அழைத்துக்கொண்டு பெங்களூருக்கு வந்து, ஜோகுபாளையத்தில் ஓர் அறை பிடித்துக் குடியேறினார். ஏர்பிளாஸ்ட் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது வேலையை மட்டும் அல்ல. அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

சாப்பாட்டு மணி அடித்தது. ரெமிஜியஸ் வெளியே வரவேண்டும். தலை வந்தது, தோள் வந்தது, இடுப்பு துவாரத்தில் மாட்டிக்கொண்டது. ரிச்சர்ட்ஸ் டவுன் பங்களாக்களுக்குக் கூடையில் ரொட்டி கொண்டுபோய் விற்றவன் அவன். போரில் மைதா கிடைக்காமல் பேக்கரியை மூடியதால் இங்கே வந்திருந்தான். விற்காத ரொட்டிகளையெல்லாம் அவனே தின்றிருக்கவேண்டும் என்பது கொட்டகையின் கருத்து. இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

"மெதுவாப்பா, மெதுவா. சூளையிலிருந்து ரொட்டி எடுக்கிற மாதிரி எடுங்க. பிச்சிடப் போறீங்க" என்றான் அவன்.

"ரொட்டி வெந்தாதான் வெளிய வரும். நீ இன்னும் வேகல" என்றார் இழுத்தவர்களில் ஒருவர்.

மதலைமுத்துவின் தூக்கில் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் இருந்தன. பாதிக் களியைப் பிய்த்து ரெமிஜியஸிடம் கொடுத்தார். அவன் குழம்பில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினான்.

"அக்கா கையே தனிண்ணா. இந்தக் கருவாடு எங்க புடிச்சாங்க?"

"அல்சூர் சந்தையில. நாத்தம் புடிச்சதா பாத்து எடுப்பா. நாறாத கருவாடு பொய்க் கருவாடும்பா."

கொட்டகையின் பயிற்சி மேஸ்திரி சேஷகிரி குடையை மடக்கிக்கொண்டே வந்து பக்கத்தில் நின்றார். நெற்றியில் ஒற்றை ஸ்ரீசூர்ணம் மழையில் கொஞ்சம் கரைந்திருந்தது. கருவாட்டு வாசனைக்கு ஓரடி தள்ளியே நின்றார்.

"என்ன மதலை, கையில பலம் இருக்கு, குறை சொல்லலை. ஆனா ஒவ்வொரு ரிவெட்டுக்கும் நின்னு நின்னு அடிச்சா, ஒரு இறக்கை முடியறதுக்குள்ள சண்டையே முடிஞ்சு போயிடும். ரெண்டு தரப்பும் சமாதானமாயி வீட்டுக்குப் போயிடுவா."

"பழகிக்கிறேன் சார்."

"எப்போ? அடுத்த வாரம் டெஸ்ட். பெரிய துரை நேரா வந்து பார்க்கிறார். தேறினவாளைப் பெரிய ஷெட்டுக்கு அனுப்புவா. தேறாதவா நாளைக்கு வரவேண்டாம்பா. என் கையில ஒண்ணும் இல்லே, நோடு, பார்த்துக்கோ." அவர் இறக்கையைப் பார்த்தார், பிறகு ரெமிஜியஸின் இடுப்பைப் பார்த்தார். "ஒண்ணு பண்ணேன். இவன் வெளியே வரட்டும். நீ உள்ளே போ. ஒல்லியா இருக்கே. இருட்டும் உனக்குப் புதுசு இல்லே."

"உள்ள மாட்டேன் சார்."

"ஏன்?"

"வூட்ல வாக்கு குடுத்துட்டேன். எந்தப் பொந்துக்குள்ளயும் இனிமே தலை நுழைக்கமாட்டேன்னு."

சேஷகிரி குடையை விரித்துக்கொண்டு போனார்.

ஜோகுபாளையம் திரும்பும்போது தோமலூர் வயல் வரப்பெல்லாம் சேறாகியிருந்தது. மதலைமுத்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். சுரங்கத்தில் இருபொழுதும் இருட்டிலேயே போய் வந்தவருக்கு, வேலை முடிந்து வெளியே வந்தபின்னும் பகல் மிச்சமிருப்பது ஏதோ தவறுதலாகக் கையில் வந்த பொருள்போல இருந்தது. திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்று தோன்றும்.

பிரிஜெட் ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தாள். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வீட்டுச் சமையல் அவளுக்கு. அங்கே சமைத்து முடித்துவந்து இங்கே இன்னொரு முறை புகையைத் தின்னவேண்டும்.

"இன்னா சொன்னாரு உங்க அய்யங்காரு?"

"அடுத்த வாரம் டெஸ்டாம்."

"நிக்குதா இன்னும்?"

"நிக்குது."

அவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "அப்ப இங்கயே பழகு. நான் தட்டுறேன், நீ அடி. எவ்ளோ நேரந்தான் நிக்கும் அந்தக் கையி, பாக்கலாம்."

அரிசிப் பெட்டியைக் காலிசெய்து நிறுத்தினார்கள். தகரப் பெட்டி. அதன் ஒரு பக்கம் அவள் அம்மிக் குழவியை அணைத்துப் பிடித்துக்கொள்ள, மறுபக்கம் அவர் சுத்தியலால் அடித்தார். பிரிஜெட் விரல் மடக்கி ஒரு தட்டுத் தட்டினாள். சுத்தியல் அந்தரத்தில் நின்றது.

"அடிய்யா."

அடித்தார். தட்டினாள். நின்றார்.

சுவருக்கு அப்பாலிருந்து ஜட்கா ஓட்டும் காதர் பாய் குரல் கொடுத்தார். "அரே மதலை, க்யா ஜி, வூட்டை இடிக்கிறீங்களா கட்டுறீங்களா? இடிக்கிறதுன்னா சொல்லுங்க, என் குதிரையை அவுத்துடறேன். அது நேத்துலேந்தே பேஜாராக்கீது."

"கத்துக்கினு கீறோம் பாய்."

"கத்துக்கோ, கத்துக்கோ. குதிரையும் கத்துக்கும்."

பிரிஜெட் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தட்டினாள். அவர் நின்றார். அவள் சிரிப்பும் மெதுவாக நின்றது.

"இன்னாய்யா ஆவுது உனக்கு?"

"கேக்குதுமே" என்றார் அவர்.

என்ன கேட்கிறது என்று அவள் கேட்கவில்லை. குழவியை எடுத்து அம்மியில் வைத்தாள். அரிசியை மறுபடி பெட்டியில் கொட்டினாள். அன்று குழம்பு தீய்ந்து போயிருந்தது. இருவரும் அதையே சாப்பிட்டார்கள். சேஷகிரி சொன்ன மாற்று யோசனையை மதலைமுத்து அவளிடம் சொல்லவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பிளாக்பள்ளி மாதா கோயில் பூசை முடிந்து வெளியே வந்தபோது ரெமிஜியஸ் எதிர்ப்பட்டான். கழுத்தில் டை கட்டியிருந்தான். அது அவன் வயிற்றின் பாதிவரைதான் வந்தது. மதலைமுத்து மெழுகுவர்த்தி வாங்கப் போயிருந்த நேரம்.

"ஸ்தோத்திரம்க்கா. உங்க கருவாட்டுக் குழம்புக்காகத்தான் நானு அந்தப் பொந்துல உசுரைப் புடிச்சிக்கினு கீறேன்."

"உங்களாலதான் எங்க வூட்டுக்காரரு தேறணும். நல்லா சொல்லிக் குடுங்க தம்பி."

"நான் இன்னா சொல்றதுக்கா? மேஸ்திரியே சொல்லிட்டாரு, நீ உள்ள போ, இவன் வெளிய வரட்டும்னு. ரெண்டு பேரும் பொழைச்சிக்கலாம். அண்ணந்தான் மாட்டேன்னுட்டாரு. வூட்ல வாக்காம்." சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. "உங்ககிட்ட சொல்லலியா?"

பிரிஜெட் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். 

"எவ்ளோ பெரிய பொந்து அது?"

"என் இடுப்பு போவாது. அண்ணன் மாதிரி ரெண்டு பேரு போவலாம்."

"வழி ஒண்ணா, ரெண்டா?"

"பக்கத்துக்குப் பக்கம் துவாரம் இருக்குதுக்கா. காத்து வரும்."

"தலைக்கு மேல இன்னா இருக்குது?"

"தகடுதான். அலுமினியம்."

"எவ்ளோ கனம்?"

ரெமிஜியஸுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. விமானத்தைப் பற்றி எத்தனையோ பேர் அவனைக் கேட்டிருக்கிறார்கள். எவ்வளவு உயரம் பறக்கும், உள்ளே உட்கார நாற்காலி இருக்கிறதா, குண்டை எங்கே வைப்பார்கள் என்று. தலைக்கு மேலிருக்கும் தகட்டின் கனத்தை யாரும் கேட்டதில்லை.

"கேட்டு ஒரு துண்டு எடுத்துக்கினு வரேன்க்கா" என்றான்.

மறுநாள் மாலையே வந்தான். ஓரம் கிழிந்ததென்று ஒதுக்கிய தகடு ஒன்றை சேஷகிரியிடம் கேட்டு வாங்கியிருந்தான். மழைக்குத் தலைமேல் பிடித்துக்கொண்டே வந்ததாகச் சொன்னான். முறம் அளவு இருந்தது. மதலைமுத்து அவனை முறைத்தார். அவன் காதர் பாயின் குதிரையைப் பார்க்க வேண்டியதுபோல வெளியே நழுவினான்.

பிரிஜெட் தகட்டைக் கையில் வாங்கினாள். கனமாக இருக்கும் என்று தோளை முறுக்கி வாங்கியவள், ஒன்றுமே இல்லாத அதன் எடையில் சற்றுத் தடுமாறினாள். உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தாள். பிறகு தன் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இதுதானா கூரை?"

"இதுதான்."

"இது வுழுந்தா?"

"வுழாது. வுழுந்தா கையால தள்ளிட்டு வெளிய வந்துடலாம்."

"இத்த ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"உனக்கு வாக்கு குடுத்தேனே. மாதா முன்னாடி."

அவள் தகட்டைத் தலையிலிருந்து இறக்கவில்லை. "ஜெயராஜு மேல எவ்ளோ பெரிய கல்லு இருந்திருக்கும்?"

அந்தப் பெயர் இந்த அறையில் முதன்முறையாகச் சொல்லப்பட்டது. ஜெயராஜ் அவளுடைய தம்பி. கடைசி ஏர்பிளாஸ்டில் பாறைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவன். மீட்கப் போன கூட்டத்தில் மதலைமுத்து இருந்தார். பிரிஜெட் மேலே சுரங்க வாயிலில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். கீழேயிருந்து ஏறி வருகிற ஒவ்வொருவரையும் கேட்டாள். தட்டுகிறான், தட்டுகிறான் என்றார்கள். பிறகு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

"அளவு சொல்ல முடியாதுமே" என்றார் அவர். "இந்த வூட்டை வுடப் பெரிசு. அந்தப் பக்கத்து வூட்டையும் சேத்து."

"மாதா முன்னாடி நான் வாக்கு வாங்கினது கல்லைப் பத்தி." பிரிஜெட் தகட்டை இறக்கிச் சுவரோரம் சாய்த்தாள். "தகரத்தைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல. அவங்களுக்கும் புள்ளை பெத்த புத்தி இருக்குது. வித்தியாசம் தெரியும். எழுந்திரு."

"எங்க?"

"கட்டிலுக்கு அடியில போ."

அவர் போனார். கட்டிலுக்கு முன்னால் அரிசிப் பெட்டியை இழுத்து நிறுத்தினாள். அரிசி இருந்த பெட்டி. காலிசெய்யப் பொறுமை இல்லை. குழவியை அவரிடம் தள்ளிவிட்டாள். சுத்தியலைத் தான் எடுத்துக்கொண்டாள்.

"நான் அடிக்கிறேன். நீ புடி. நீ தட்டு."

அடித்தாள். சமைக்கிற கையின் அடி, சரியான இடத்தில் விழவில்லை. மதலைமுத்து கட்டிலுக்கடியில் முழங்காலை மடித்துக்கொண்டு, முதுகைச் சுவரில் சாய்த்து, குழவியைத் தகரத்தோடு அணைத்திருந்தார். மேலே கட்டில் பலகை, பக்கத்தில் சுவர், முன்னால் பெட்டி. எத்தனையோ வருடம் உட்கார்ந்த இடம்போல இருந்தது. உடம்பு தானாக இடத்தை அளந்து வசதி செய்துகொண்டது. அவர் ஒரு தட்டுத் தட்டினார்.

பெட்டிக்கு அப்பால் சுத்தியல் நின்றுவிட்டது.

"இன்னாமே, நின்னுட்டே?"

 சாரல் மட்டும் ஓட்டின்மேல் கேட்டது.

"பிரிஜெட்?"

"கேட்டுக்கினு கீறேன்" என்றாள்.

அவர் காத்திருந்தார். பிறகு இன்னொரு முறை தட்டினார். இந்த முறை கொஞ்சம் மெதுவாக, பக்கத்தில் இருப்பவருக்குத் தட்டுவதுபோல.

"இன்னும் அடிமே. நான் உள்ள நல்லாதான் கீறேன். அடிச்சாதான் வேலை முடியும்."

சுத்தியல் மறுபடி விழுந்தது. அடி, தட்டு. அடி, தட்டு. ஒரு கட்டத்தில் அவர் இரண்டு தட்டுத் தட்டினார்.

"இன்னா ரெண்டு?"

"சரியாயிடுச்சின்னு அர்த்தம்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். "அதுக்குள்ளயா?"

"நீ அடிச்ச அடியில பெட்டியே ஓட்டையாயிடுச்சி. அரிசி கொட்டுது பாரு."

வெளியிலிருந்து காதர் பாய் கேட்டார். "இன்னிக்கி யாரு ஜி அடிக்கிறது? தாளம் வேற மாதிரி கீதே." குதிரையைத் தடவிக்கொண்டிருந்த ரெமிஜியஸ், "அக்கா பாய். அடுத்த மாசம் அவங்களையும் பேக்டரியில சேத்துடுவோம்" என்றான்.

டெஸ்ட் நாளன்று பெரிய துரை வந்தார். வாயில் எதையோ மென்றுகொண்டே இருந்தார். சேஷகிரி பின்னால் கைகட்டி நின்றார். ரெமிஜியஸ் கையில் சுத்தியலைப் பிடித்துக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டான். மதலைமுத்து தலையை முதலில் விட்டு, தோளைத் திருப்பி, ஒரு சத்தமும் இல்லாமல் இறக்கைக்குள் போய்விட்டார். தண்ணீர்ப் பாம்பு தண்ணீருக்குள் போவதுபோல.

உள்ளே இருட்டுதான். ஆனால் அவருக்குத் தெரிந்த இருட்டு அல்ல. சுரங்கத்தில் வெளிச்சத்தை நாம்தான் நெற்றியில் கொண்டுபோக வேண்டும். இங்கே ரிவெட் போடாத துளைகள் வழியே வெளிச்சம் தானாக உள்ளே வந்து, அவருடைய சட்டைமேலும் கைமேலும் கேழ்வரகு இறைத்ததுபோலக் கிடந்தது. ஒவ்வொரு ரிவெட் ஏறும்போதும் ஒரு மணி வெளிச்சம் குறையும். கடைசித் துளையும் அடைபட்டால் முழு இருட்டாகிவிடும். அதற்குப் பிறகு இந்த இருட்டு மேகத்துக்கு மேலே போகும். அவர் துளைத்த இருட்டுகளில் ஒன்றும் மேலே போனதில்லை.

இரும்புக் கட்டியை வைத்தார். சுத்தியல் ஓடியது. விரலால் வாலைத் தடவினார், போதாது. ஒரு தட்டுத் தட்டினார்.

மறுகணமே பதில் வந்தது. கடகடவென்று, தாமதமில்லாமல். பாறைக்கு அந்தப் பக்கம் யாரோ இருக்கிறார்கள், கேட்டுவிட்டார்கள், வருகிறார்கள் என்பதுபோல. மதலைமுத்து சிறிதுநேரம் அந்த அதிர்வை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு இருந்தார். பிறகு இரண்டு தட்டுத் தட்டினார்.

எல்லாம் சரியாகப் போய்விடவில்லை. ரெமிஜியஸ் ஆர்வத்தில் ஒரு ரிவெட்டை அதிகமாக அடித்துத் தலையைச் சப்பையாக்கிவிட்டான். துரை அதில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டார். துளைத்தெடுத்து மறுபடி போடச் சொன்னார். போட்டார்கள். துரை வரிசை முழுவதையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, சேஷகிரியிடம் ஏதோ சொல்லி, மென்றுகொண்டே அடுத்த இறக்கைக்குப் போனார்.

"மதலை, வெளியே வா" என்றார் சேஷகிரி.

"இன்னா சொன்னாரு சார்?" ரெமிஜியஸ் அவசரப்பட்டான்.

"நாளையிலேர்ந்து பெரிய ஷெட். ரெண்டு பேரும் சேர்ந்தே. உன்னைத் தனியா அனுப்பினா ரிவெட்டையெல்லாம் அப்பளமாக்கிடுவேன்னு நான்தான் சொன்னேன்." பிறகு துவாரத்தில் தலை நீட்டியிருந்த மதலைமுத்துவைப் பார்த்தார். "இப்போதைக்கு உள்ளே பிடிக்கிற வேலைதான். கை நிக்காம ஓட ஆரம்பிச்சா வெளியேயும் பார்க்கலாம்."

"உள்ளவே இருக்கேன் சார்" என்றார் மதலைமுத்து.

அன்று சாரல் விட்டிருந்தது. தோமலூர் வயல்களில் தண்ணீர் தேங்கி வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. ஒரு விமானம் தாழப் பறந்து போனது. வரப்பில் நின்று அதைப் பார்த்தார். அதன் இறக்கைக்குள் யாரோ உட்கார்ந்திருந்த இடம் இப்போது காலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

ஜோகுபாளையத்தில் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. குளிருக்கு அடைத்திருக்கிறாள். உள்ளேயிருந்து கருவாட்டுக் குழம்பின் வாசனை தெரு வரை வந்தது. அவர் விரலை மடக்கிக் கதவில் ஒரு தட்டுத் தட்டினார்.

உள்ளே பாத்திரம் உருட்டும் சத்தம் நின்றது.  பிறகு அலுமினியத்தின் மெல்லிய ஓசை. குழம்புச் சட்டிமேல் மூடியிருந்த அந்தக் கிழிந்த தகட்டில் பிரிஜெட் கரண்டியால் தட்டினாள். இரண்டு தட்டு.

மதலைமுத்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.